சக்கரம் வைத்த மறைவிடம்: வாங்குவதா, கொழும்பிலேயே கட்டுவதா?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கான பதில் இது. கனடாவில் உள்ள அவருடைய மைத்துனர் மான் வேட்டைக்கென்று ட்ரெய்லரில் ஏற்றிய ஒரு சின்ன அறை வைத்திருக்கிறாராம். நாலு பக்கமும் ஜன்னல், உள்ளே கதிரை, வண்டியில் கொளுவி இழுத்துப் போய் வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு ஏறி உட்காரலாம். தம்பிக்கு வேட்டையில் நாட்டமில்லை, கமராதான் எல்லாம். வாடைக் காலத்தில் மன்னார்ப் பக்கம் வந்திறங்கும் பறவைகளைக் கிட்டத்தில் படம் எடுக்க அப்படி ஒன்று வேண்டும் என்கிறார். வெளிநாட்டிலிருந்து இறக்குவதா, இங்கே பட்டறையில் செய்விப்பதா, என்ன அளவு, சட்டம் இடம் கொடுக்குமா என்பதெல்லாம் கேள்வி.

இறக்க வேண்டாம், இங்கேயே செய்விக்கலாம். ஆனால் இரும்பு வாங்கப் போகும் முன்பு ஒன்றைத் தெளிவாக மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் கொண்டுபோய் விட்டால், பறவைகள் அதைச் சட்டை செய்யாத நிலை வரும்வரை அது அங்கேயே கிடக்க வேண்டும். சக்கரம் அங்கே கொண்டுபோய் விடுவதற்கு மட்டும்தான். காலையில் ஒரு குளம், மாலையில் இன்னொரு குளம் என்று இழுத்துத் திரிவதற்கு இது சரிப்படாது. புதிதாக வந்து நிற்கும் எந்தப் பெட்டிக்கும் நீர்ப்பறவை முதல் நாள் பயப்படும். இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் அதுவும் ஒரு மண்மேடு என்று விட்டுவிடும். எவ்வளவு பாரம், எவ்வளவு உயரம், என்ன நிறம், யாருடைய காணி என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதிலிருந்துதான் வரும்.

அப்படிக் கிடக்க விடக்கூடிய இடம் உங்களிடம் இல்லையென்றால் ட்ரெய்லர் வேண்டாம், கார் போதும். கொழும்புக்கு அருகே தலங்கம குளக்கட்டு வீதியில் காரை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு இருந்து பாருங்கள். நீலத்தாழைக்கோழியும் நீளவால் இலைக்கோழியும் உங்களைத் திரும்பியும் பார்க்காது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தால் அத்தனையும் போய்விடும். அவை வண்டிக்குப் பழகியவை, மனித உருவத்துக்குத்தான் பயம். பெத்தகான ஈரநிலப் பூங்காவில் பறவை பார்க்கவென்றே மறைவிடங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், உலகத்தில் முதன்முதலாக ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் 2018இல் 18 நகரங்களுக்குக் கிடைத்தது, அதில் கொழும்பும் ஒன்று. காசு செலவழிக்கும் முன் ஒரு வார இறுதியை இந்த இடங்களில் போக்குங்கள். மறைவிடத்துக்குள் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்க உங்கள் முதுகும் மனமும் ஒத்துக்கொள்கின்றனவா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது சட்டம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் இங்கே அடிப்படை. 2009இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, விதிவிலக்காகக் குறித்த சில இனங்களைத் தவிர நாட்டின் பறவைகள் எல்லாமே பாதுகாப்புக்குள் வந்துவிட்டன. மைத்துனர் அங்கே அனுமதிப்பத்திரம் எடுத்துச் செய்யும் வேலைக்கு இங்கே இடமே இல்லை. எனவே துப்பாக்கி வைப்பதற்கென்று செய்த ஜன்னல், அதற்கான தாங்கி எல்லாம் உங்கள் வரைபடத்தில் வரக்கூடாது. படம் எடுக்கத்தான் என்றாலும், தேசிய பூங்காவுக்குள் இதைக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அங்கே அனுமதித்த இடங்களில் தவிர வண்டியை விட்டு இறங்கவே முடியாது, பெட்டியை விட்டுவிட்டு வருவது நடக்காத கதை. வில்பத்துவும் குமணவும் பூந்தலவும் இதனால் கழிந்துவிடும்.

சரணாலயங்களின் நிலை வேறு. அவற்றின் எல்லைக்குள் ஊர், வயல், தனியார் காணி எல்லாம் இருக்கும். மன்னாரின் வங்காலை அப்படி ஒரு சரணாலயம், 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பறவைக்குத் தொந்தரவு வரும்படி எதுவும் செய்ய முடியாது. ஒரு பொருளை நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் முறை. குளமென்றால் அது யாருடைய பொறுப்பு என்பதையும் விசாரியுங்கள். பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம், சின்னக் குளங்கள் கமநல சேவையிடம். இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று நினைத்தால், குளத்தை ஒட்டிய தனியார் வயல் அல்லது தென்னங்காணிதான் நல்லது. சொந்தக்காரரிடம் பேசி, அறுவடை எப்போது, மாடு மேய்ப்பது எந்தப் பக்கம் என்று கேட்டு, அவர் காட்டும் மூலையில் நிறுத்துங்கள். கிராம அலுவலரிடமும் பக்கத்துப் பொலிசிலும் சொல்லி வையுங்கள். வன்னியில் இரவு வேட்டைக்காரரைத் தேடித் திரிபவர்களின் கண்ணில், புதருக்குள் ஒளித்து நிற்கும் ஒரு பெட்டி எப்படிப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

வடக்கில் இன்னொரு விஷயமும் உண்டு, அதில் சமரசமே கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்கள் இருக்கின்றன. சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால் ஒரு அடியும் உள்ளே வைக்காதீர்கள். பலகை இல்லாத பற்றைக்காடென்றாலும், ஊர்க்காரர் வழக்கமாகப் போய்வரும் தடத்தை விட்டு ட்ரெய்லரைத் திருப்ப வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவும் பாதி சட்ட விஷயம். வெளிநாட்டில் வேட்டைக்காரர் போர்த்தும் புள்ளி போட்ட பச்சைத் துணி இங்கே படைச் சீருடை போலத் தெரியும். அதை வைத்திருப்பதே உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும், மன்னார் வீதிச் சோதனையில் மணிக்கணக்கில் விளக்கம் சொல்ல நேரும். அது தேவையும் இல்லை. நம்மிடம் அதைவிட நல்ல சாமான் இருக்கிறது: கிடுகு. வயல் காவற்குடில், கள்ளுக்கொட்டில், மீன் வாடி என்று எங்கு பார்த்தாலும் கிடுகுதான், அந்தப் பறவைகள் பிறந்ததிலிருந்து பார்த்து வரும் பொருள். வெயிலில் மினுங்காது, காற்றில் படபடக்காது, சூடும் ஏறாது. மன்னாரென்றால் பனையோலையும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கிடுகைக் கட்டிக்கொண்டு வீதியில் ஓடாதீர்கள், புத்தளம் போவதற்குள் பாதி பறந்துவிடும். பெட்டியின் வெளிப்பக்கம் முழுக்க ஒரு முழத்துக்கு ஒன்றாகக் கம்பி வளையம் வைத்து வெல்ட் பண்ணுவியுங்கள். கிடுகை அந்த ஊரிலேயே வாங்கி, தென்னங்கயிற்றால் வளையத்தில் கட்டலாம். கிடுகுக்குப் பின்னால் வரும் சுவரின் வெளிப்பக்கத்துக்கு மங்கலான மண்நிறம் அல்லது சாம்பல் பச்சை போதும், பளபளக்கும் பெயின்ட் மட்டும் கூடாது. துணித் திரைகளை வெண்மை தரும் சலவைத்தூளில் தோய்க்காதீர்கள். அதிலுள்ள வெண்மையூட்டி, புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் பொருள். பல பறவைகளுக்கு நம் கண்ணுக்கு எட்டாத அந்தக் கதிரும் தெரியும்.

சரி, இனி அமைப்புக்கு வருவோம். வட அமெரிக்காவில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் பைபர் கண்ணாடியிலோ கட்டிப் பிளாஸ்டிக்கிலோ வார்த்தவை, ஆறடிக்கு ஆறடி என்பது சாதாரண அளவு. பத்தடி உயரத்துக்குத் தூக்கும் வின்ச் அல்லது ஹைட்ரோலிக் கால் உள்ளவையும் உண்டு. ஜெர்மனியிலும் சக்கரம் பூட்டிய பரணை வயலோரம் இழுத்து வைப்பது வேட்டைக்காரரிடம் வெகு சாதாரணம். அந்த உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. மானுக்கு மூக்குத்தான் முதல் எச்சரிக்கை, வேட்டைக்காரர் மேலே இருந்தால் அவருடைய மணம் அதன் தலைக்கு மேலால் போய்விடும். தூரம் தெரியும், சுடும் குண்டும் கீழ்நோக்கி மண்ணில் புதையும். நமக்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது. நீர்ப்பறவையைப் படம் எடுப்பவருக்கு உயரம்தான் எதிரி. ஊசிவால் வாத்து ஒன்றை மேலிருந்து எடுத்தால் பின்னால் சேறும் பாசியுமாக விழும். அதே வாத்தை அதன் கண் மட்டத்திலிருந்து எடுத்தால் பின்னணி முழுக்கக் கரைந்து, பறவை மட்டும் நிற்கும். எனவே மைத்துனருடைய பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றி வந்தாலும் உங்கள் வேலைக்கு அது பிழையான வடிவம்தான். வெறும் காற்றை அடைத்த பெட்டிக்கு இடக்கணக்கில் கப்பல் கூலியும், அதற்கு மேல் வரியும் கட்டுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. பைபர்தான் வேண்டுமென்றால் நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் மீன்பிடிப் படகு வார்ப்பவர்கள் கூரையையும் சுவரையும் அதே கைத்திறனில் வார்த்துத் தருவார்கள்.

தரைத்தட்டின் உயரத்தில்தான் பட்டறைக்காரரோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அவருக்குப் பழக்கமான ட்ரெய்லரில் சக்கரத்துக்கு மேலே தட்டு வரும், நிலத்திலிருந்து இரண்டடிக்குக் கிட்ட. அதன்மேல் கதிரை போட்டு உட்கார்ந்தால் லென்ஸ் ஐந்தடிக்கு மேல் போய்விடும். சக்கரங்களை வெளிப்பக்கம் தள்ளி, தட்டை அவற்றின் நடுவே தொங்கவிடச் சொல்லுங்கள். நிலத்திலிருந்து ஒன்பது, பத்து அங்குலம் இருந்தால் வீதிக்குப் போதும். கதிரை வேண்டாம், தடித்த மெத்தையில் காலை நீட்டி இருங்கள், முதுகுக்கு ஒரு சாய்மானம். படப்பிடிப்பு ஜன்னலின் கீழ் விளிம்பு தட்டிலிருந்து ஒரு அடியில் வரட்டும். இப்படிச் செய்தால் லென்ஸ் நிலத்திலிருந்து இரண்டு இரண்டரை அடியில் நிற்கும். சக்கரத்தில் வரும் ஒன்றுக்கு இதற்குக் கீழே போவது கடினம், கொஞ்சம் தள்ளி நிற்கும் பறவைக்கு இது தாராளம்.

அளவு: நீளம் எட்டடி, அகலம் நாலடி. ஒரு முழுப் பிளைவூட் பலகை வெட்டில்லாமல் தரைக்குப் போய்விடும், வீதியில் இழுக்கவும் வசதி. உள்ளுயரம் ஐந்தடி போதும். நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கு ஆசைப்பட்டால் வாடைக்காற்று பக்கவாட்டில் அறையும்போது பெட்டி ஆடும், மதவாச்சி தாண்டி மன்னார் வீதியின் வெட்டவெளியில் ஓட்டுவதும் சிரமம்.

பாரத்தைப் பேனையும் தாளுமாக முன்கூட்டியே கணக்குப் பாருங்கள், பட்டறையில் யாரும் இதைச் செய்து தரமாட்டார்கள். 50 மில்லிமீற்றர் சதுரம், 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொக்ஸ் பார் (உள்ளீடற்ற இரும்புச் சட்டம்) ஒரு மீற்றர் ஏறக்குறைய 3 கிலோ வரும். அடிச்சட்டத்துக்கு 25 மீற்றர் போனால் 75 கிலோ. 12 மில்லிமீற்றர் பிளைவூட் ஒரு முழுப் பலகை 20 கிலோவைத் தாண்டும். சுவருக்கு அதே தடிப்பை வைத்தால் அங்கேயே 80 கிலோ ஓடிவிடும், 6 மில்லிமீற்றர் போதும். மேல்கூட்டுக்கு அலுமினியம் போடுங்கள், ஒரே அளவு இரும்பின் பாரத்தில் மூன்றிலொரு பங்குதான். அச்சு, சக்கரம், ஸ்பிரிங், ஜாக் எல்லாம் சேர்த்து வெறும் பெட்டி 350 கிலோவுக்குள் நின்றால் நல்ல வேலை. அதையும் எந்தக் காரும் இழுக்கும் என்று நினைக்க வேண்டாம். கொழும்பில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றை ட்ரெய்லர் இழுப்பதற்கென்று வடிவமைக்கவே இல்லை. வண்டியின் கையேட்டில் இழுக்கக்கூடிய பாரம் என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் டபுள் கெப் வைத்திருக்கும் ஒரு நண்பரைப் பிடிப்பதே வழி.

வாங்கலாம் என்று நான் சொல்வது அடிச்சட்டம் ஒன்றைத்தான். பழைய படகு ட்ரெய்லர் கிடைத்தால் விடாதீர்கள். அது ஏற்கெனவே தாழ்ந்தது, பெரும்பாலும் துருவைத் தடுக்கும் நாக (துத்தநாக) முலாம் பூசியது, வீதியில் ஓடச் செய்தது. லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது வயலுக்கும் சந்தைக்கும் மெதுவாக ஊரும் வண்டி. ஸ்பிரிங் இல்லாத அச்சோடு அதைக் கார் வேகத்தில் மன்னார்வரை இழுப்பது ஆபத்து. எதை வாங்கினாலும் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், டக்கென்று சத்தம் வந்தால் பெயரிங் தேய்ந்திருக்கிறது. அப்புறம் 20 கிலோமீற்றர் ஓட்டிவிட்டு நிறுத்தி, சக்கர நடுவில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடென்றால் பெயரிங் இறுகியிருக்கிறது அல்லது கிரீஸ் இல்லை, அதோடு மன்னாருக்குக் கிளம்பவே கூடாது.

ட்ரெய்லருக்கென்று தனியாகப் பதிவும் இலக்கத்தகடும் வேண்டும். செய்துவிட்டுப் போய்க் கேட்பதைவிட, வரைபடத்தோடு முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிட்டு இரும்பு வெட்டத் தொடங்குங்கள். பழையது வாங்குவதென்றால் பதிவுப் புத்தகம் விற்பவரின் பெயரில் இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். காப்புறுதிக்காரரிடமும், இழுக்கும்போது ஏதும் நடந்தால் வண்டியின் காப்புறுதி செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சாமான் தேட அலைய வேண்டியதில்லை. அச்சு, ஹப், சக்கரம், ஸ்பிரிங் பிளேட் எல்லாம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். இழுக்கும் வண்டியின் சக்கர அளவையே இதற்கும் பார்த்து எடுங்கள், ஒரே ஸ்பெயார் டயர் இரண்டுக்கும் உதவும். பொக்ஸ் பார், பிணைச்சல், போல்ட், ரப்பர் பட்டிக்குப் பழைய சோனகத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். பட்டறைக்காரரிடம் இரும்பின் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை பேசினால் தடிப்புக் குறைந்த பார் வந்து சேரும்.

இரண்டு இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒன்று, ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொளுவி. பெட்டியின் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொளுவியில் விழ வேண்டும். பின்பாரம் கூடினால் வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் இடமும் வலமுமாக வால் ஆட்டத் தொடங்கும், பிறகு பிடிப்பது கஷ்டம். வீட்டில் நிறை பார்க்கும் தராசை ஒரு கட்டையின்மேல் வைத்து, கொளுவியை அது வண்டியில் நிற்கும் உயரத்தில் இறக்கிப் பார்த்தால் சரியான எண் தெரிந்துவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொளுவிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கொளுவி கழன்றாலும் மூக்கு வீதியில் குத்தாமல் சங்கிலியில் தாங்கி நிற்கும்.

மற்றது நாலு மூலைக்கும் நாலு ஜாக். இதை அலங்காரம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள், என் கணக்கில் முழுப் பெட்டியிலும் முக்கியமானது இதுதான். சக்கரத்தின் மேலே நிற்கும் பெட்டி ஸ்பிரிங்கில் மிதந்துகொண்டிருக்கும். நீங்கள் ஒரு காலை மடக்கினால் பெட்டி அசையும், 600 மில்லிமீற்றர் லென்சில் அந்த அசைவு படத்தையே கெடுத்துவிடும், வெளியே நிற்கும் பறவைக்கும் தெரியும். ஜாக்கை இறக்கிச் சக்கரம் நிலத்தை மெல்லத் தொடும் அளவுக்குத் தூக்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஒவ்வொரு ஜாக்கின் கீழும் ஒரு அடிச் சதுரப் பலகை வையுங்கள், குளத்து மண்ணில் வெறுங்கால் இறங்கிக்கொண்டே போகும். கமராவைத் தாங்கும் கம்பத்தைத் தரைப் பலகையில் பூட்டாமல், பலகையில் ஓட்டை போட்டு அடிச்சட்டத்திலேயே நேராகப் பூட்டுங்கள். நீங்கள் அசைந்தாலும் கமராவுக்குப் போகாது.

உட்புறம் முழுக்கக் கறுப்பு, மினுக்கமில்லாத கறுப்பு. ஒரு நேரத்தில் ஒரு பக்க ஜன்னல்தான் திறந்திருக்க வேண்டும். எதிரெதிராக இரண்டு திறந்தால் நடுவில் இருக்கும் உங்கள் உருவம் வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும், பெட்டி கட்டிய பயனே போய்விடும். ஜன்னலில் கண்ணாடி வேண்டாம், இரட்டைத் துணித் திரையில் லென்ஸ் போகும் அளவுக்குக் கீறல் போதும். லென்சுக்கு ஒரு சட்டை தைத்து அந்தக் கீறலோடு சேர்த்துவிட்டால், லென்சைத் திருப்பும்போது இடைவெளி தெரியாது. தரையில் தென்னந்தும்புப் பாய் விரித்துவிட்டால் கையிலிருந்து மூடி விழுந்தாலும் சத்தம் வராது. பிணைச்சலுக்கெல்லாம் கிரீஸ், கதவுக்குத் திறாங்கின் இடத்தில் தோல் வார்.

கனடாக்காரருக்குக் குளிர்தான் கவலை, ஹீட்டர் வைப்பார்கள். நமக்குச் சூடு. எல்லாம் மூடிய ஒரு பெட்டி காலை ஒன்பது மணிக்கே தாங்க முடியாமல் போகும். கூரையை இரட்டையாகப் போடுங்கள்: கீழே பிளைவூட், மூன்று அங்குல இடைவெளி, மேலே கிடுகு. இடைவெளியில் காற்று ஓடினால் பாதிச் சூடு கீழே இறங்காது. சுவரின் அடியில் ஒரு பக்கம் வலை அடித்த வாய், எதிர்ச் சுவரின் உச்சியில் இன்னொன்று. சூடான காற்று மேலால் வெளியேற, கீழால் குளிர்ந்தது உள்ளே வரும். வெறும் தகரக் கூரை போடவே வேண்டாம், மழை விழுந்தால் சத்தம், வெயில் விழுந்தால் சூடு. என்ன செய்தாலும் பத்து மணிக்குப் பிறகு உள்ளே இருக்கக் கூடாது. வெளிச்சமும் அதற்குள் படத்துக்கு உதவாமல் போய்விடும்.

நிறுத்தும் திசையில் வாடைக்காலம் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும், பெரும்பாலும் அப்படியே முகம் வைத்து நிற்கும். கார்த்திகையிலிருந்து மாசிவரை காற்று வடகிழக்கிலிருந்து, காலை வெயிலும் கிழக்கிலிருந்து. இரண்டையும் முதுகுப் பக்கம் வைத்து ஜன்னலை மேற்கே, தென்மேற்கே திருப்பி நிறுத்தினால், வெளிச்சம் பறவையின் முகத்தில் விழும், அது உங்களை நோக்கியே இறங்கும். மன்னாரில் நாமத்தலை வாத்துக் கூட்டமும் நீலச்சிறகியும் பூநாரையும் காலையில் மேயும் இடத்தை முதலில் இரண்டு நாள் தூரத்திலிருந்து பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குக் கிழக்கே ஒரு இடம் தேடுங்கள். மாலையில் இதே அமைப்பு உங்களுக்கு எதிர்வெயில், அப்போது ஒரு தேநீர் குடிக்கப் போகலாம்.

நிலத்தை நம்பாதீர்கள். வற்றிய குளத்தின் மேற்பொருக்கு வெடித்துக் காய்ந்திருக்கும், நாலங்குலம் கீழே சேறு. ஒரு கூர்க் கம்பியால் வழி நெடுக குத்திப் பார்த்துவிட்டே வண்டியைத் திருப்புங்கள். வங்காலைப் பக்கம் உப்பு மண். திரும்பி வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிச்சட்டம், ஸ்பிரிங், பிரேக் விளக்கு வயர் எல்லாம் கழுவாவிட்டால் ஒரு பருவத்திலேயே துரு தின்றுவிடும். செலவு தாங்குமென்றால் அடிச்சட்டத்துக்கு வெல்டிங் முடிந்த பிறகு சூட்டு நாக முலாம் பூசுவியுங்கள், பெயின்ட் அதற்கு ஈடாகாது.

விடியும் முன் இருட்டில் உள்ளே போய்விடுங்கள். வெளிச்சம் வந்த பிறகு போக நேர்ந்தால், இரண்டு பேராகப் போய் ஒருவர் மட்டும் திரும்பி நடந்து வரட்டும். பறவை கணக்கு வைக்காது, ஆள் போய்விட்டார் என்று அடங்கிவிடும். மறைவிடப் படப்பிடிப்பில் எங்கும் கைக்கொள்ளும் வழி இது. யானை நடமாடும் ஊரென்றால் இரவில் பெட்டிக்குள் படுக்காதீர்கள், 6 மில்லிமீற்றர் பலகை ஒரு பாதுகாப்பே இல்லை. பழம், அரிசி, உப்பு எதையும் உள்ளே விட்டுவிட்டு வரவும் கூடாது.

கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இதை நிறுத்தாதீர்கள், தம்பி. இரை தேடும் இடத்தில் பயந்த பறவை வேறு பக்கம் பறந்து மேயும், பிறகு வரும். முட்டையை விட்டு எழும்பிய தாய் அரை மணி நேரம் திரும்பாவிட்டால் நம் வெயிலில் அந்த முட்டை முடிந்துவிடும், காகத்துக்கும் வழி காட்டியதாகிவிடும். பெட்டி வந்து நின்று மூன்று நாள் கழிந்தும் பறவைகள் அந்தப் பக்கமே வராமல் ஒதுங்கினால், இன்னும் தள்ளி நிறுத்துங்கள். 50 மீற்றரில் தொடங்கி, அவை பழகப் பழக, ஆள் இல்லாத இருட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தலாம். அப்போது இழுக்க வண்டியே வேண்டாம், ஜாக்கைத் தூக்கிவிட்டு இரண்டு பேர் தள்ளினால் நகரும் பாரத்தில்தான் பெட்டி இருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவினரோடு முதலில் ஒரு தரம் கதையுங்கள். எந்தக் குளத்தில் எந்த மாதம் என்ன வரும், எங்கே நிறுத்தினால் தொந்தரவு குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும். புலம்பெயர் பறவைகள் ஆவணி, புரட்டாசியில் வரத் தொடங்கிச் சித்திரையில் போய்விடும். இந்த வருடத்துக்கே வேண்டுமென்றால் அடிச்சட்டத்தை ஆனிக்குள் முடித்து, மழைக்கு முன் பக்கத்திலேயே ஒரு தென்னங்காணியில் நிறுத்தி, கொக்கையும் மீன்கொத்தியையும் வைத்து ஜன்னலின் உயரம் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயரம் பிழைத்திருந்தால் அப்போது வெட்டி மாற்றுவது சுகம்.